மூட்டை இளைத்த கதை

ராஜகிரியின் படிகளை என் முழங்கால்கள் நன்கு அறியும். இரண்டுக்கும் நெடுநாளைய விரோதம். செஞ்சிக்கு நான் எத்தனை தடவை போனாலும், பாதி மலையில் முழங்கால்கள் சத்தியாக்கிரகம் தொடங்கிவிடும். ஆனால் சென்ற தடவை எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. எனக்கு முன்னால் முதுகில் பெரிய மூட்டையுடன் இன்னொருவன் ஏறிக்கொண்டிருந்தான்.

மூட்டைக்காரன் என் தங்கையின் மகன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். நாள் முழுவதும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத பிள்ளைகளுக்குத்தான் இப்படிப்பட்ட ஆசைகள் வருகின்றன போலும்! காஷ்மீரத்தில் குல்மார்க் என்னும் ஊரிலிருந்து அஃபர்வத் மலைக்குக் கம்பித் தொட்டிலில் ஏறினால் ஏறக்குறைய 13,000 அடி உயரத்துக்குப் போகலாம். அங்கே இறங்கி, காலில் சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு, பாதையே இல்லாத பனிச் சரிவுகளில் வழுக்கி வருவதென்று அவனும் மூன்று நண்பர்களும் தீர்மானித்திருந்தார்கள். அதற்குப் பயிற்சியாக மூட்டையோடு செஞ்சிக் கோட்டை ஏற வந்திருந்தான். எனக்குத் தேசிங்கு ராஜன் விஷயமாகச் சில இடங்களை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. சேர்ந்து புறப்பட்டோம்.

முதல் நாள் இரவு விடுதியில் அவன் செய்த காரியத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. என் தங்கையின் சமையலறைத் தராசைக் கையோடு கொண்டுவந்திருந்தான். மூட்டையிலிருந்த ஒவ்வொரு சாமானையும் அதில் வைத்து நிறுத்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினான். சட்டைகளின் கழுத்துப்பட்டியில் இருந்த துணிச் சீட்டுகளைக் கத்தரித்து எறிந்தான். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தான். "இதில் எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டேன். "7 கிராம், மாமா!" என்றான், புதையல் எடுத்தவனைப் போல. மலையேறுகிறவர்களிடையே இது ஒரு தனி மதமாகவே வளர்ந்திருக்கிறதாம். கனத்தைக் குறைத்தவன் அந்த மதத்தில் முக்தி அடைகிறான்.

மறுநாள் காலை ராஜகிரி உச்சியில், பாறைப் பிளவின் மேல் போட்ட பாலத்தைத் தாண்டி நிழலில் உட்கார்ந்ததும், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இந்தக் கோட்டை இரண்டு தடவை விழுந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்கினேன்.

சிவாஜி 1677-இல் பிடித்துப் பலப்படுத்திய கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் 1689-இல் மாறுவேஷத்தில் தப்பி வந்து இங்கேதான் அடைக்கலம் புகுந்தார். மறு வருஷமே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் முற்றுகையிட வந்தான். யானைகள், பீரங்கிகள், கூடாரங்கள், கடைத்தெரு, பரிவாரம் என்று ஒரு நகரமே அவனுடன் நகர்ந்து வந்தது. அவ்வளவு பெரிய பாளையத்துக்குச் சோறு போட வேண்டாமா? லேசான குதிரைகளில் வந்த மராத்தியர்கள் தானியம் வரும் வழிகளை அடைத்தார்கள். முற்றுகையிட வந்தவர்களே முற்றுகைக்குள்ளானார்கள். கோட்டை அவன் கைக்கு வந்தது 1698-இல். அதற்குள் ராஜாராம் தப்பிப் போயிருந்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1750 செப்டம்பரில், பிரெஞ்சுக்காரர்களின் சிறு படை ஒன்று புஸ்ஸியின் தலைமையில் இங்கே வந்தது. இருட்டிய பிறகு மூன்று மலைகளிலும் ஒரே சமயத்தில் ஏறினார்கள். பொழுது விடிந்தபோது கோட்டை அவர்களுடையது.

"பார்த்தீர்களா, மாமா!" என்று மருமகன் குதித்தான். "கனமாக வந்தவனுக்கு எட்டு வருஷம். லேசாக வந்தவனுக்கு ஒரு ராத்திரி!"

என் சரித்திரமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் புஸ்ஸியின் ஆட்கள் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு ஏறவில்லை. கோட்டைக் கதவுகளைத் தகர்ப்பதற்கான வெடிக்கலங்களை மலையுச்சி வரை சுமந்துகொண்டு போனார்கள். இந்த விவரம் எனக்கு அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. நல்ல பதில்கள் எப்போதும் மலை இறங்கிய பிறகுதான் வருகின்றன.

கீழே ஒரு தேநீர்க் கடை. அங்கே பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒருவர் மருமகனின் மூட்டையையே உற்றுப் பார்த்தார். நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு. பட்டாளத்துக்காரர் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்தில் தொண்டூர்க்காரர் என்று பேச்சில் தெரிந்தது. சியாச்சின் பனிப்பாளத்திலும் இருந்திருக்கிறாராம்.

"பனிக்கா போறீங்க தம்பி? கொஞ்சம் காட்டுங்க பார்ப்போம்" என்றார்.

மருமகன் உற்சாகமாகப் பிரித்துக் காட்டினான். அவன் முக்கியமாகக் காட்டியது பீக்கன் என்னும் சின்ன ரேடியோப் பெட்டி. உள்ளங்கைக்குள் அடங்கும், 200 கிராம் சுமார். ஆளைப் பனி மூடிவிட்டால் இது விடாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். வெளியே இருப்பவர்கள் தங்கள் பெட்டியைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு அந்தச் சமிக்ஞையைப் பின்தொடர்வார்கள்.

"நல்லது. குத்திப் பார்க்கிற கோல்? சவல்?"

கோல் என்பது மடித்து வைக்கும் நீளக் குச்சி. விரித்தால் எட்டு அடி இருக்கும். சவல் என்பது கட்டட வேலைக்காரர்கள் ஜல்லி வாரும் அதே சவல்தான். கைப்பிடி கழற்றி மாட்டும்படி அலுமினியத்தில் செய்தது.

"அது நாலு பேருக்கும் சேர்த்து ஒன்று போதும் என்று முடிவு செய்துவிட்டோம். ஒரே அடுப்பு, ஒரே கூடாரம், ஒரே கோல், ஒரே சவல். ஆளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ மிச்சம்."

ஹவில்தார் தேநீரைக் குடித்து முடித்தார். தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"அடுப்பு வச்சிருக்கிறவன் பனியில புதைஞ்சா, மத்த மூணு பேரும் ஒரு வேளை பட்டினி கிடக்கலாம். சவல் வச்சிருக்கிறவன் புதைஞ்சா?"

மருமகன் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஊர் திரும்பியபின் சில வாரங்கள் இந்த ஒரு கேள்வியோடு புத்தகங்களைப் புரட்டினேன். நாவல் எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். இதற்குள் நான் கண்டது உபகரணங்களின் வரலாறு மட்டும் அல்ல.

1922, ஜூன் 7. எவரெஸ்டின் வடக்குக் கணவாய்க்குக் கீழே, புதிதாய் விழுந்த பனியில், மாலரி, ஸாமர்வெல், கிராஃபோர்டு என்ற மூன்று ஆங்கிலேயர்களும் பதினான்கு சுமைக்காரர்களும் கயிறுகளில் பிணைந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில் சரிவு முழுவதும் உடைந்து கீழே இறங்கியது. முதல் கயிற்றில் இருந்த ஆங்கிலேயர்கள் தாமே பனியை விலக்கிக்கொண்டு எழுந்தார்கள். பின்னால் வந்த சுமைக்காரர்களில் ஒன்பது பேரைப் பனி ஒரு செங்குத்துப் பள்ளத்தில் தள்ளி மூடியது. இருவரை உயிருடன் தோண்டி எடுத்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். எவரெஸ்ட் பனிச்சரிவில் கொண்ட முதல் பலி அதுதான். தன் நாட்டவர்களில் ஒருவர்கூட அந்த ஏழு பேருடன் சாகவில்லையே என்ற வேதனையை ஸாமர்வெல் பிற்பாடு மனம் விட்டு எழுதியிருக்கிறார்.

அந்த ஸாமர்வெல்லை நம்மவர் என்றே சொல்லலாம். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் ஆஸ்பத்திரியைக் கண்டார். நோயாளிகள் கூட்டத்தையும் அவர்களைக் கவனிக்கப் போதிய வைத்தியர்கள் இல்லாததையும் கண்டார். லண்டனில் காத்திருந்த வாழ்வை விட்டுவிட்டு நெய்யூரிலேயே தங்கிக் கத்தி பிடித்தார். நடுவில் 1924-இல் மறுபடி எவரெஸ்ட் போய், பிராணவாயுக் குப்பி இல்லாமல் 28,000 அடி வரை ஏறித் திரும்பினார். கடைசிக் காலத்தில் வேலூர் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். நெய்யூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் அவர் பெயரை இன்னும் சொல்வார்கள். அந்த ஏழு பேருக்கும் இந்த நாற்பது வருஷத் தொண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பதை நான் ஊகிக்கப் போவதில்லை. நாவலில் என்றால் ஊகித்திருப்பேன்.

1922-இல் அவர்கள் கையில் இருந்தவை ஐஸ் கோடரியும் வெறுங்கையும். புதைந்தவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஆல்ப்ஸ் மலைக்காரர்களிடம் அப்போது ஒரே ஒரு சாதனம் இருந்தது: சிவப்புக் கயிறு. இந்த யோசனையைச் சொன்னவர் ஓர்ட்டல் என்ற பவேரியர். இடுப்பில் கட்டி, இருபது மீட்டருக்கு மேல் நீளமாகப் பின்னால் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். பனி ஆளை மூடினாலும் லேசான கயிற்றின் ஒரு முனையாவது மேலே மிதக்கும் என்பது நம்பிக்கை. பல சமயங்களில் கயிறும் ஆளோடு சேர்ந்தே புதைந்து போயிற்று.

பிறகு 1937. நங்கபர்வதத்தில் ஒரு ஜெர்மன் கோஷ்டி. ஜூன் 14-ஆம் தேதி இரவு நான்காவது முகாமில் தூங்கப் போன பதினாறு பேரும், ஜெர்மானியர் ஏழு, ஷெர்ப்பாக்கள் ஒன்பது, விழிக்கவே இல்லை. சில நாள் கழித்து மேலே வந்தவர்கள் கண்டது முகாம் இருந்த இடத்தில் மேடிட்டுக் கிடந்த பனியை. தோண்டி எடுத்தபோது கைக்கடிகாரங்கள் நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் நின்றிருந்தன. தேட வருவதற்கு ஆள் மிஞ்ச வேண்டும் என்பது அங்கே கொடூரமாகத் தெரிந்தது.

அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில், கார்னெல் விமானவியல் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ஜான் லாட்டன் என்பவர் 1968-இல் ஒரு ரேடியோப் பெட்டி செய்தார். 1971-இல் அது விற்பனைக்கு வந்தது. பெயர் ஸ்காடி, நார்வே நாட்டுப் புராணத்தில் குளிர்காலத்துக்கு உரிய தேவதை. அனுப்புவதும் அதுவே, தேடுவதும் அதுவே. ஆரம்பத்தில் காதில் மாட்டிக்கொண்டு ஓசை கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டுக்கொண்டே அலைய வேண்டும். பின்னால் உலகம் முழுவதும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைக்கு வந்து சேர்ந்தது. 1997-க்குப் பிறகு அம்புக்குறியும் தூரமும் காட்டும் டிஜிட்டல் பெட்டிகள் வந்தன. இப்போது உள்ளவற்றில் மூன்று ஆண்டெனாக்கள் இருக்கின்றன. ஒரே ஆண்டெனா உள்ள பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது அறியாமை. மூட்டைக்குள் வைப்பதும் அறியாமைதான். பனி மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். உடம்போடு கட்டிக்கொள்ள வேண்டும். கைத்தொலைபேசி அருகில் இருந்தால் பெட்டி குழம்பிப் போகும் என்பதால் தேடும்போது இரண்டையும் அரை மீட்டராவது விலக்கி வைக்கச் சொல்கிறார்கள்.

இத்தனை அவசரம் எதற்கு? 1994-இல் ஃபால்க், புரூக்கர் முதலிய வைத்தியர்கள் ஸ்விட்சர்லாந்து விபத்துகளின் கணக்கை எடுத்து ஆராய்ந்தார்கள். புதைந்து 15 நிமிஷத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைத்தார்கள். 35 நிமிஷத்தில் அது முப்பதாக விழுந்துவிட்டது. பிந்தைய ஆராய்ச்சி அந்த 15-ஐ 10 நிமிஷமாகவே சுருக்கியிருக்கிறது. உதவிக்கு ஹெலிகாப்டரை அழைத்து, அது எழும்பி, இடத்தைக் கண்டுபிடித்து இறங்குவதற்குள் கணக்கு முடிந்துவிடும். காப்பாற்றக்கூடியவர் பக்கத்தில் நிற்கிற தோழர் ஒருவரே.

இங்கேதான் கிராம் கணக்கு தலைகீழாகிறது. பீக்கன் இடத்தைக் காட்டிவிடும். பழகிய கைக்குச் சில நிமிஷம். கோல் ஆழத்தைக் காட்டிவிடும். மிச்ச நேரம் எல்லாம் தோண்டுவதில் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை தண்ணீர் மாதிரி இருக்கிற பனி, நின்ற மறுகணம் சிமெண்டாக இறுகிவிடுகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுப்பதற்கு டன் கணக்கில் அகற்ற வேண்டும். கையால் கீறினால் நகம்தான் போகும். சவல்களிலும் பிளாஸ்டிக்கால் செய்தவை உண்டு, லேசாக இருக்கும். இறுகிய பனியில் அவை விரிந்து உடைந்துபோவதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. கோல்களிலும் அப்படியே: மிக மெல்லியது இறுகிய பனியில் வளைந்து வேறு பக்கம் போகும், மிகக் குட்டையானது ஆளைத் தொடாமலே திரும்பி வரும். அலுமினிய அலகு, நீளும் கைப்பிடி, 240 சென்டிமீட்டர் கோல். இவற்றுக்குள் எவ்வளவு லேசானதைத் தேடினாலும் தவறில்லை. அதற்குக் கீழே இறங்கிச் சேமிக்கிற 200 கிராம் எங்கேயிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

காற்றுப்பை என்று ஒன்றும் இருக்கிறது. அதன் கதை வேடிக்கையானது. 1970-களில் ஹோஹெனெஸ்டர் என்ற பவேரிய வனக் காவலர், வேட்டையாடிய மிருகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போது பனிச்சரிவில் சிக்கினார். சுமை இருந்ததால் தான் அமிழாமல் மேலேயே வந்ததைக் கவனித்தார். முறத்தைக் குலுக்கினால் நொய் அடியில் போய்ப் பெரியவை மேலே வருவதை நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள், அதே சூத்திரம்தான். அந்த யோசனையிலிருந்து, கயிற்றை இழுத்தால் முதுகில் பலூன் போல விரியும் பை 1985-இல் கடைக்கு வந்தது. விரிந்த பை சாவை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று 2014-இல் ஓர் ஆராய்ச்சி சொல்லிற்று. ஆனால் கனம் இரண்டு மூன்று கிலோ, விலையும் அதற்குத் தகுந்தபடி. சட்டையில் தைத்துக்கொள்ளும் சில கிராம் பிரதிபலிப்பான் ஒன்றும் விற்கிறார்கள். அதைத் தேடும் யந்திரம் மீட்புப் படையிடம்தான் இருக்கும், தோழனுக்கு உதவாது. பீக்கனுக்குப் பதிலாக அதை நினைப்பது பெரிய தவறு.

எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. 2016, பிப்ரவரி 3. சியாச்சினில் ஸோனம் காவல் நிலையம், உயரம் ஏறக்குறைய 19,600 அடி. 19-ஆவது மதராஸ் படைப் பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர் மேல் ஒரு பனிச்சுவர் சரிந்தது. பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்கள். நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களும் டாட், மிஷா என்ற நாய்களும் தேடினார்கள். பனி கல்லாக இருந்ததால் பாறை துளைக்கும் யந்திரங்களையும், ஆழத்தில் இருப்பதைக் காட்டும் ரேடாரையும் விமானத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது. 8-ஆம் தேதி இரவு, இருபத்தைந்து அடிக்கும் கீழே, லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். ஆறாவது நாள்! தேசம் முழுவதும் அவருக்காகப் பிரார்த்தனை செய்தது. 11-ஆம் தேதி டில்லி ராணுவ ஆஸ்பத்திரியில் அவரும் போய்விட்டார். அங்கே சவல் எம்மாத்திரம்! ஆனாலும் வெளியே நின்றவர்கள் ஆறு நாள் தோண்டுவதை நிறுத்தவில்லை.

2022 அக்டோபர் 4-இல் உத்தரகாண்டில் திரௌபதி கா டண்டா சிகரத்தின் பக்கம் மலையேற்றப் பயிற்சிக்குப் போனவர்களைப் பனி மூடியது. 2023 ஏப்ரலில் சிக்கிமில் நாதுலா சாலையோரம் வேடிக்கை பார்க்க நின்ற சுற்றுலாக்காரர்களை மூடியது; ஏழு பேர் இறந்தார்கள். மணாலியில் 1969-இல் தொடங்கிய பனி ஆராய்ச்சி நிலையம் இப்போது வேறு பெயரில் இயங்குகிறது. சரிவு அபாயத்தை முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்த அறிவிப்பைப் படிப்பதற்கு ஒரு கிராம்கூடக் கனமில்லை. அபாயம் என்று சொன்ன நாளில் விடுதியிலேயே இருந்து சீட்டாடலாம்.

செஞ்சியில் நாங்கள் இருந்த அந்த நாளுக்கே திரும்புகிறேன். ஹவில்தார் எங்களை விடவில்லை. தொண்டூருக்கு அழைத்துப் போய்த் தம் வீட்டில் சாப்பாடு போட்டார். வெயில் தாழ்ந்ததும் ஊர் மலைக்குக் கூட்டிப் போனார். அங்கே பாறைக் குடைவில் கல் படுக்கைகள் இருக்கின்றன. பழைய பிராமி எழுத்துக் கல்வெட்டும் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கும் மேலாகச் சமண முனிவர்களின் இருப்பிடமாக இருந்த சீமை இது. செஞ்சியைச் சுற்றிய ஊர்களில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன.

மருமகன் கல் படுக்கையில் படுத்துப் பார்த்தான். "ரொம்பச் சரி! மெத்தைக் கனம் மிச்சம்" என்றான். பிறகு, "இவர்கள் என்னதான் எடுத்துக்கொண்டு போவார்கள், மாமா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். திகம்பர முனிவருக்கு ஆடை கிடையாது. பாத்திரம் கிடையாது, கையில் வாங்கித்தான் உண்பார். கமண்டலம் ஒன்று, மயில் பீலிக் கற்றை ஒன்று, அவ்வளவே. உலகத்தில் அவரைவிட லேசான மூட்டைக்காரர் இருக்க முடியாது.

"பீலி எதற்கு? அதையும் விட்டுவிடலாமே!"

"உட்காரும் இடத்தில், படுக்கும் இடத்தில் எறும்பும் பூச்சியும் இருந்தால் நசுங்கிப் போகாமல் மெல்ல ஒதுக்குவதற்கு. அது அவருக்காக இல்லை."

மருமகன் எழுந்து உட்கார்ந்தான். ஹவில்தார் குடைவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாத மாதிரிச் சொன்னார்: "சவலும் அப்படித்தான் தம்பி. உங்க சவல் உங்களைத் தோண்டாது."

மயில் பீலியையும் வண்டி அச்சையும் பற்றி வள்ளுவர் சொன்னது வாசகர்களுக்கு நினைவு வரலாம். எனக்கும் வந்தது. சொன்னால் மருமகன் அதையும் தன் கட்சிக்குச் சேர்த்துக்கொள்வான் என்று பேசாமல் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, காஷ்மீரம் புறப்படும் முதல் நாள், தங்கை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நான்கு நண்பர்களும் இருந்தார்கள். நான்கு சவல், நான்கு கோல். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒருவனது பெட்டியைக் கடற்கரை மணலில் ஒரு கஜ ஆழத்தில் புதைத்துவிட்டு மற்றவர்கள் தேடித் தோண்டிப் பழகினார்களாம். போலீஸ்காரர் வந்து விசாரித்தாராம். மருமகனின் தராசு அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தது. மொத்தக் கனத்தில் 640 கிராம் கூடியிருந்தது. அதைச் சரிக்கட்டுவதற்காக எதையோ எடுத்து மேஜைமேல் வைத்திருந்தான். அருகில் போய்ப் பார்த்தேன். வழியில் படிக்கட்டும் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த என்னுடைய நாவல், இரண்டு பாகங்களும்.